இருக்கிறது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்

ஒன்பது ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. அதுவும் எப்படி? எதிரணிக் கோல்கீப்பர் கைக்கு வந்த பந்தைத் தன் வலைக்குள்ளேயே நழுவவிட்டதால் வந்த வெற்றி. "இதுக்குப் பேர் ஜெயிக்கிறதா அண்ணே?" என்று கோச் கேட்டான். "பாவம் பார்த்து போட்டாங்க, வாங்கிக்கிட்டு வந்தோம். இதுக்கு மைதானத்தைச் சுத்தி ஓட்டம் வேற! வெக்கமா இல்ல?"

கேட்ட இடம், ஒன்பது மாடி ஆபீஸ் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் மெஷின் ரூம். கேட்கப்பட்ட ஆள் உம்மணா. அவர் "ம்" என்றார்.

கோச் என்றதும் ஏதோ டீமுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்து நாலு வயது, லேசான தொப்பை, கடைசியாகப் பந்தை உதைத்து ஒரு மாமாங்கம் இருக்கும். ஆனால் யாரை எங்கே நிறுத்த வேண்டும், யாரை வாங்கியிருக்க வேண்டும், யாரை விற்றது மகா பாவம் என்று காலையில் ஆரம்பித்தால் சாயந்திரம் கருவிப் பெட்டியைப் பூட்டும்வரை ஓயமாட்டான். அதனால் கம்பெனியில் வைத்த பெயர் கோச். லிஃப்ட் வேலையை ஒற்றை ஆளாகச் செய்யக்கூடாது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அந்த இன்னொருவர்தான் உம்மணா. ஐம்பதைத் தாண்டியவர். உம்மணாமூஞ்சி என்று முழுசாகக் கூப்பிட்டால் நன்றாக இருக்காது என்று மரியாதைக்காகச் சுருக்கிவிட்டார்கள். கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இருந்தாலும் கோச்சின் கிளப் வாங்கிய ஆள், விற்ற ஆள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். காதை எங்கே கொண்டுபோய் வைப்பார், பாவம்!

"சுருட்டை இருந்தப்ப இப்படியா இருந்துச்சு? இடது பக்கம் பந்து போனாலே எதிராளிக்கு வயித்தைக் கலக்கும். அவனைத் தூக்கிக் கொடுத்துட்டு யாரைக் கொண்டு வந்தாங்க? கம்பத்தை! நட்டு வச்ச இடத்துல நிக்குறான். பந்தா வந்து அவன் மேல பட்டாத்தான் கோல். இதுல முழங்கால் வலி வேற அவனுக்கு."

"ம்."

"கம்பத்தைச் சொல்லி என்ன அண்ணே பிரயோஜனம்? போனானே, அவனைச் சொல்லணும். பெரிய கிளப் கூப்பிட்டுச்சாம், துரை கிளம்பிட்டாராம். வளர்த்து விட்ட ஊரு, தொண்டை கிழியக் கத்தின ஜனம், எதுவும் கண்ணுக்குத் தெரியல."

உம்மணா புதுக் கம்பிவடத்தின் சுருளை உருட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த லிஃப்டுக்கு வடம் மாற்றும் வேலை. சுருளை நிறுத்திவிட்டு, அந்த மாதத்திலேயே அவர் பேசிய நீளமான வாக்கியத்தைப் பேசினார்.

"ரெண்டு வருஷமா அந்தப் பையனையே கரிச்சுக் கொட்டுற. உன் வீட்டுல வெளியூர் போய் எவ்வளவு நாள் ஆச்சு?"

"ரெண்டு வருஷம்."

"ம்" என்று சொல்லிவிட்டு அவர் சுருளை மறுபடி உருட்ட ஆரம்பித்தார்.

கோச்சுக்கு ஒரு நிமிஷம் கையில் இருப்பது ஸ்பேனரா சுத்தியலா என்றே தெரியவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று முணுமுணுத்தான். சம்பந்தம் இருந்தது. அவனைத் தவிர அது எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது.

அவன் மனைவிக்குக் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்து வந்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரு கூடத்துக்கே தலைமை. ஆனால் அந்தக் கூடம் இருந்த ஊர், ரயிலில் ஒரு முழுப் பகல் தள்ளி. ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். சந்தோஷமும் கலக்கமும் பாதிப் பாதியாக இருந்த முகம். "என்ன சொல்ற?" என்றாள்.

"போ. இதைவிட நல்ல சான்ஸ் எப்ப வரும்? நான் சமாளிச்சுக்குவேன்" என்றான் இவன்.

அவள் நகரவில்லை. "வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன? ஸ்வெட்டர் எடுத்துக்கோ, அங்க குளிருமாம்."

ஸ்வெட்டராம்! வாயைத் திறந்தால் போகாதே என்று வந்துவிடும், வந்தால் அவள் போகமாட்டாள், அப்புறம் காலமெல்லாம் அவள் உயர்வைக் கெடுத்த பாவி ஆகிவிடுவோம் என்று அவனுக்குப் பயம். அதனால் வாயை இறுக்க மூடிக்கொண்டான். அந்த வாரம்தான் கிளப் சுருட்டையையும் விற்றது. அந்தக் கோபத்துக்கு மட்டும் வாய் தாராளமாகத் திறந்துகொண்டது.

அவர்கள் சந்தித்ததே அந்த கிளப்பால்தான். கிழக்கு கேலரி, பதினேழாவது வரிசை. அவளுடைய அண்ணன் தங்கையை ஆட்டம் பார்க்கக் கூட்டி வந்திருந்தார். அண்ணனைவிடத் தங்கைதான் அதிகம் கத்தினாள். ரெஃபரியை அவள் கேட்ட ஒரு கேள்விக்குச் சுற்றியிருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தன் திரும்பினவன் திரும்பினவன்தான். பாக்கி ஆட்டத்தை அவன் பார்க்கவே இல்லை. ஆறு மாசத்தில் கல்யாணம். அந்த அண்ணன் மச்சான் ஆனார். பேக்கரி வைத்திருக்கிறார். இன்றைக்கும் ஆட்டத்துக்கு வரும்போது ஒரு பை நிறைய ரொட்டி கொண்டு வந்து, கிளப் தோற்றால் கோபத்தில் எல்லாவற்றையும் தானே தின்றுவிடுவார்.

வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் அவள் புருஷனை "என்னங்க" என்பாள். ஆள் போய்க் கதவு சாத்தியதும் "டேய்" ஆகிவிடும். இது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. ஆனால் யாருமே இல்லாதபோது அவள் "ங்க" போட்டால் அது மரியாதை இல்லை. மனசு நொந்திருக்கிறாள் என்று அர்த்தம். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஐந்தாறு தடவைதான் நடந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் கோச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவான்.

அவள் போன பிறகும் அவளுடைய சீட்டை அவன் விடவில்லை. "காலியாத்தானே கிடக்கு, என் சிநேகிதன் ஒருத்தன் கேக்குறான்" என்று மச்சான் ஒரு தடவை சொன்னார். "அவ சீட்டு" என்றான் கோச். அவளுடைய சொந்த அண்ணனுக்கே அவ்வளவுதான் பதில். ஆட்ட நாளில் போனை அந்தச் சீட்டில் சாய்த்து வைத்து அவளுக்கு வீடியோ கால் போட்டுவிடுவான். படம் தெரியாது, தெரிந்தாலும் உறைந்து நிற்கும். சத்தம் மட்டும் கேட்கும். அவளுக்குச் சத்தம் போதும். ஜனம் மூச்சை இழுக்கிற விதத்தை வைத்தே, "என்ன, கம்பம் மறுபடி மேல தூக்கி அடிச்சானா?" என்று அத்தனை தூரத்திலிருந்து கேட்பாள்.

ஆட்டம் முடிந்து இவன் பஸ்ஸுக்கு நடக்கும்போதும் பேச்சு ஓடும். டிஃபென்ஸ் ஓட்டை, நடுவில் ஆள் இல்லை, பயிற்சியாளருக்கு மூளை இல்லை. எல்லாம் தீர்ந்த பிறகு அவள் மெதுவாக, "வேற?" என்பாள்.

"வேற என்ன, ஜனவரியில இடது பக்கத்துக்கு ஒரு ஆள் வாங்கலைன்னா நாம காலி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. சாப்டியா?"

அப்புறம் வீட்டுக்கு வருவான். பிள்ளைகள் இல்லாத வீடு. கையிலிருக்கும் சாவியின் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். பழக்க தோஷத்தில் டீக்கு இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, இரண்டு டம்ளரையும் அவனே குடிப்பான். அவள் தலையணையை எடுத்து வைத்துக்கொண்டு டிவி பார்ப்பான். அவளை நினைத்து நினைத்து அவனுக்கு நெஞ்சு வலித்தது; அதை வாயு என்று உம்மணாவிடம் சொல்லி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

போன மாசம் அவள் சொன்னாள். "டேய், டிரான்ஸ்ஃபருக்கு எழுதிப் போட்டிருக்கேன். வருஷத்துல ஒரு தடவைதான் கேப்பாங்க. நம்ம ஊருக்கே கிடைக்கலாம். ஆனா தலைமை போயிடும், பழைய நாற்காலிதான். கிடைச்சா வந்துடட்டுமா?"

இந்தக் கேள்விக்குத் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? "முதல்ல கிடைக்கட்டும். பார்க்கலாம்" என்றான்.

பார்க்கலாமாம். இவனை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள். அப்படிச் சொன்னவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து செய்த வேலை என்ன தெரியுமா? அலமாரியில் அவளுடைய தட்டுகளைத் துடைத்து வைத்தான். ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டான். அவள் படிக்கிற மேஜை மேலே விளக்கு மங்கலாக இருக்கிறது என்று புது பல்ப் வாங்கி மாட்டினான். குளியலறைக் கதவில் அவள் துண்டுக்கென்று இருந்த கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதையும் திருகி இறுக்கினான். இதில் ஒன்றையும் அவளிடம் மூச்சு விடவில்லை. அவள் அங்கே, இவனுக்கு நான் வருவதும் ஒன்று வராததும் ஒன்று போலிருக்கிறது என்று மருகிக்கொண்டிருந்தாள்.

இனி அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை. பகல் பதினோரு மணி. மெஷின் ரூமில் கோச்சின் போன் கிணுகிணுத்தது. மச்சான் குரல் பதிவு அனுப்பியிருந்தார். குரலைவிட மூச்சு வாங்கும் சத்தம்தான் அதிகம் இருந்தது.

"மாப்ள! கேட்டியா சேதி? சுருட்டை திரும்பி வரானாம்! அங்க பெஞ்சுலயே உக்கார வச்சுட்டாங்களாம். டிரான்ஸ்ஃபர் பேச்சு நடக்குதாம், நம்ம கிளப்போட! பேக்கரியில இப்பதான் ஒருத்தர் சொன்னாரு. உள்ள இருக்கிற ஆளு, பொய் சொல்ல மாட்டாரு. என்ன சொல்ற?"

கோச்சுக்கு உள்ளே என்னவோ பொங்கியது. சந்தோஷம்தான். ஆனால் அவன் சந்தோஷத்தை என்றைக்கு நேர்வழியாக வெளியே விட்டிருக்கிறான்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கையுறையைக் கழற்றாமல், கட்டைவிரலை மட்டும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பதில் சொல்லப் போனான். வெள்ளெழுத்துக் கண்ணாடி சாப்பாட்டுப் பைக்குள் கிடந்தது. பட்டியலில் முதல் வரிசையில் மச்சான் இருந்ததை இப்போதுதானே பார்த்தோம் என்று முதல் வரிசையைத் தொட்டான்.

அங்கேதான் காரியம் கெட்டது. அந்த ஒரு கணத்துக்குள் அவளிடமிருந்தும் ஒரு குரல் வந்து இறங்கிவிட்டது. யாரிடமிருந்து புதிதாக வருகிறதோ அவர்கள் முதல் வரிசைக்கு ஏறுவார்கள். மச்சான் இரண்டாவதுக்கு இறங்கிவிட்டார். அண்ணனும் தங்கையும் படமாக வைத்திருந்தது ஒரே கிளப்பின் ஒரே சின்னம். உள்ளே போனால் இங்கேயும் எழுத்து இல்லை, ஒரு குரல்தான் கோடுகோடாகக் கிடந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினான்.

"டிரான்ஸ்ஃபரா? இப்ப எதுக்கு? போனது போனதாவே இருக்கட்டும். ரெண்டு வருஷமா இல்லாம நாம பழகிட்டோம்ல? இனிமே திரும்ப வந்து என்ன ஆகப்போகுது? வயசும் ஏறியாச்சு. பழைய வேகமெல்லாம் இனிமே எங்க இருக்கு? போன இடம் அப்படியே காத்துக்கிட்டு இருக்கும்னு நினைப்பா? எனக்கு ஒண்ணும் வேணாம். இருக்கிறது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

விரலை எடுத்தான். போய்விட்டது.

அந்தப் பேச்சில் வாய் தவறி ஒரு "அவன்" வந்திருந்தாலும் போதும், தப்பித்திருப்பான். வந்தான், போனான் என்று ஒரு வார்த்தை முடிந்திருந்தாலும் போதும். ஆனால் கோபத்தில் பேசுகிறவன் யாரைப் பற்றி என்று சொல்வதில்லை. அத்தனை வாக்கியத்தில் ஆணா பெண்ணா என்று காட்டுகிற வால் ஒன்றுகூட இல்லை. சுருட்டைக்கு எப்படிப் பொருந்தியதோ அப்படியே அவளுக்கும் பொருந்தியது.

"பேசி முடிச்சாச்சா? கீழ போ" என்றார் உம்மணா.

கோச் கீழே போனான். கேபினை உச்சியில் சங்கிலி போட்டுக் கட்டியாயிற்று. அதற்குச் சரிக்குச் சமமாகத் தொங்கும் எதிர் எடை அடியில் குழிக்குள் முட்டுக் கொடுத்து நின்றது. மேலிருந்து உம்மணா ஒவ்வொரு வடமாக இறக்க, இவன் குழிக்குள் நின்று பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வேண்டும். ஆறு வடம். ஆறும் ஒரே இழுப்பில் நிற்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் மற்றதெல்லாம் சீக்கிரம் தேய்ந்துவிடும். குழியில் சிக்னல் இல்லாமல் போனுக்கு உயிர் கிடையாது. மதியச் சாப்பாட்டையும் குழிக்குள்ளேயே உட்கார்ந்து முடித்துக்கொண்டான். சுருட்டை வந்தால் இடது பக்கம் யாரை எடுத்துவிட்டு அவனைப் போடுவது என்ற யோசனை மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருமுறை தன்னையறியாமல் விசில்கூட அடித்தான்.

வேலை முடிந்து மேலே ஏறி வந்தபோது ஐந்தரை. உம்மணா படியிறங்கி வந்து சேர்ந்திருந்தார். போன் வரிசையாகக் கிணுகிணுத்தது. கோச் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான். அவள் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். மச்சான், "என்ன மாப்ள, இவ்வளவு பெரிய சேதி சொல்லியிருக்கேன், ஒரு பதிலும் காணோம்? சந்தோஷத்துல மயக்கமா?" என்று எழுதியிருந்தார். பதில் காணோமா? அனுப்பினேனே என்று நினைத்துக்கொண்டே அவளுடையதைத் திறந்தான்.

"சரிங்க. நீங்க சொன்னபடியே, வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அந்த "ங்க"வை அவன் இரண்டு தடவை படித்தான். நான் என்ன சொன்னேன்? விரலால் மேலே தள்ளினான். மச்சானுக்கு அனுப்பிய அவன் குரல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே, பதினோரு மணிக்கு வந்து இன்னும் கேட்கப்படாமல் அவள் குரல். அழுத்தினான்.

"டேய், கிடைச்சிடுச்சுடா! நம்ம ஊரு! நம்ப முடியல. வேணுமா வேணாமான்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள எழுதிக் கொடுக்கணுமாம். நாற்காலி போறதைப் பத்தி எனக்குக் கவலை இல்லடா. நீ ஒரு வார்த்தை சொல்லு. என்ன சொல்ற?"

அடுத்ததாகத் தன் குரலையும் அவன் முழுசாகக் கேட்டான். காலித் தரைத்தளத்தில் அது கணீரென்று கேட்டது. "வயசும் ஏறியாச்சு" என்ற இடத்தில் உம்மணா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் கருவிப் பெட்டியை இவனுக்கும் சேர்த்துத் தானே தூக்கிக்கொண்டார். "வண்டிகிட்ட இருக்கேன். பேசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு தடவை மணி அடித்த பிறகு அவள் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"அது உனக்குச் சொன்னது இல்ல."

"பரவாயில்லைங்க. மனசுல இருந்ததைத்தானே சொன்னீங்க."

"ங்க போடாத. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன், ங்க மட்டும் போடாத. சுருட்டை திரும்பி வரானாம். உங்க அண்ணன் சொன்னாரு. அவருக்குப் போட்ட பதில் உனக்கு வந்துடுச்சு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சுருட்டையா?" என்றாள். "வயசு ஏறியாச்சுன்னது?"

"அவனுக்குத்தான். முப்பத்தொண்ணு ஆகுது அவனுக்கு."

"பழைய வேகம் இல்லன்னது?"

"அவனுக்குத்தான் சொன்னேன், சத்தியமா!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது மூச்சில் அது அழுகை ஆகிவிட்டது. "மூணு தடவை கூப்பிட்டேன்டா பாவி. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பளை திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தா. அஞ்சு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கிறப்பதான் எழுதினேன்."

"நான் குழியில இருந்தேன். இப்ப மாத்த முடியாதா? நான் வந்து பேசுறேன். உங்க பெரியவர் யாரோ, அவர் கால்ல விழுறேன்."

"எனக்கு அடுத்த பேருக்குப் போயாச்சு. ரெண்டு குழந்தையையும் அம்மாகிட்ட விட்டுட்டு இங்க தனியா இருக்கிற பொண்ணு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டு இப்பதான் போனா. அவகிட்டப் போய்த் திருப்பிக் கொடுன்னு கேக்கச் சொல்றியா?"

கோச் சுவரில் சாய்ந்துகொண்டான். கேட்கச் சொல்ல அவனுக்கும் மனசு வரவில்லை. "வேணாம்" என்றான்.

"இன்னும் ஒரு வருஷம்டா."

"ஐயோ" என்றான்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீ பேசினது வேற யாருக்கோ போக வேண்டியதுன்னு எனக்கு ஏன் ஒரு நிமிஷம்கூடத் தோணலை தெரியுமா? அது நீ சொல்லக்கூடியதுதான்னு தோணுச்சு. நான் கிளம்பினப்ப போன்னு சொன்ன. வரட்டுமான்னு கேட்டா பார்க்கலாம்னு சொன்ன. ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை, வான்னு நீ சொன்னது உண்டா? வேற, வேறன்னு வாரா வாரம் பிச்சைக்காரி மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தேனே, காதுல விழலையா?"

விழுந்தது. ஒவ்வொரு தடவையும் விழுந்தது. கோச்சின் கண்ணாடி மங்கிவிட்டது. அதைக் கழற்றித் துடைக்கலாம் என்று பார்த்தால் கையெல்லாம் வடத்தின் கிரீஸ். அப்படியே நின்றான். கட்டடத்து ஆட்கள் வேலை முடிந்து அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தர், "லிஃப்ட் சரியாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்ததும் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

"சுருட்டையும் எனக்கு வேணும்" என்றான். "வேணாம்னு சொன்னது பொய். நாள் பூரா குழிக்குள்ள அவனை எங்க நிறுத்தலாம்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வேணும்னு வாய் விட்டுச் சொல்லி, அப்புறம் வரலன்னா என்ன பண்றதுன்னு எனக்குப் பயம். உன் விஷயத்துலயும் அப்படித்தான். நீ இல்லாம என்னால முடியல. ஒரு நாள்கூட முடியல. பழகவே இல்ல எனக்கு. உன் மேஜைக்கு பல்ப் மாத்தி வச்சிருக்கேன். திரையெல்லாம் துவைச்சேன். நீ வருவேன்னு எல்லாத்தையும் செஞ்சுட்டு, உன்கிட்ட மட்டும் சொல்லல. நான் ஒரு முட்டாள்."

"ஆமா" என்றாள் அவள். குரல் கரகரத்திருந்தது. "இதை ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா..."

"தெரியும்."

அவள் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற சத்தம், யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிற சத்தம். அந்த நடைபாதையைக்கூட அவன் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக, அவள் எப்போது வருவாள் என்று ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, தனக்கும் காலிருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"அந்த ஊர்ல லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டான்.

"என்னது?"

"லிஃப்ட். இருக்கா, இல்லையா?"

மறுபடி பேச்சை மாற்றுகிறான் என்று நினைத்து அவள் பெருமூச்சு விட்டாள். "ஆஸ்பத்திரியில ரெண்டு இருக்கு. எங்க ஆபீஸ்ல ஒண்ணு. மாசத்துல பாதி நாள் ஓடாதுன்னு அட்டை தொங்கும். அதுக்கென்ன இப்ப?"

"யாரு வந்து சரி பண்றாங்க?"

"இங்க யாரு இருக்கா? வெளியூர்லேர்ந்து ஆள் வரணும். வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும்."

"அப்ப நான் வந்துடறேன்."

இவன் தொடர்ந்தான். "ஒரு வருஷம் இல்ல, எத்தனை வருஷம் ஆனாலும் சரி. நீ உன் நாற்காலியிலயே இரு. நான் வரேன்."

"இங்க கிளப் கிடையாதுடா. மைதானமே கிடையாது. மழை பெஞ்சா டிவியும் தெரியாது."

"தெரியாமப் போகட்டும்."

"கிழக்கு கேலரி சீட்டு?"

"ரெண்டையும் மச்சான் வச்சுக்கட்டும். ரொட்டிப் பையை வச்சுக்க இடம் ஆச்சு."

"கிளப்பை விட்டுட்டுப் போனவனை எல்லாம் ரெண்டு வருஷமா நீ திட்டின திட்டு கொஞ்சமா நஞ்சமா? இப்ப ஊரே உன்னைத் திட்டுமே."

"திட்டட்டும். வாரா வாரம் கேலரியில நின்னு என்னைத் திட்டட்டும்." அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கவில்லை. "எனக்கு நீ வேணும்."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வண்டிக்குப் பக்கத்தில் உம்மணா இரண்டு பெட்டியையும் கீழே வைத்துவிட்டு, இவன் பக்கம் திரும்பாமல் நின்றுகொண்டிருந்தார். கோச் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். டிஃபென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எப்ப வர்ற?" என்றாள் அவள்.